குறைந்தபட்ச ஏறுவோர் உத்தரவாதம்

டெல்லி கோல் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், அரசு ஊழியர் குடியிருப்புக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஓடும் சாலையில், மக்கள் கடப்பதற்கென்று வெள்ளைக் கோடுகள் போட்டிருந்தார்கள். வெறும் பெயின்ட். கல்வெட்டு கிடையாது, திறப்பு விழா நடந்ததாக யாருக்கும் நினைவும் கிடையாது. ஜனங்கள் இந்தப் பக்கம் நின்றார்கள், வண்டிகள் வேண்டாவெறுப்பாகக் கொஞ்சம் தயங்கின, ஜனங்கள் அந்தப் பக்கம் போனார்கள். தலைநகரத்தின் நடுவில் வளர்ச்சியே இல்லாத இப்படி ஒரு காரியம் பல வருஷமாக நடந்துகொண்டிருந்தது.

கடைசியில் அது நகர நடைவசதி மேம்பாட்டு ஆணையத்தின் கண்ணில் பட்டது. நடப்பவர்களுக்காகவே உண்டாக்கப்பட்ட ஆணையம் அது. அதில் இருப்பவர்கள் எல்லாரும் காரில் வருகிறவர்கள் என்பதால், நடப்பவர்களைப் பற்றி விருப்பு வெறுப்பு இல்லாமல் முடிவெடுக்க அவர்களால் முடிந்தது. அந்தச் சாலையின் மேல் உலகத் தரத்தில் ஒரு நடைபாலம் கட்டுவது என்று முடிவெடுத்தார்கள்.

கட்ட வந்தது ஊர்த்வகதி என்ற நிறுவனம். அதற்கு நிலம் இலவசம், கட்டணங்கள் தள்ளுபடி. பாலத்தின் இரு பக்கமும் விளம்பரப் பலகை வைத்துக்கொள்ளும் உரிமையும் உண்டு. இவ்வளவும் கொடுத்த பிறகும் நிறுவனத்துக்கு ஒரு கவலை இருந்தது. கட்டிய பிறகு யாரும் ஏறாவிட்டால் விளம்பரத்தை யார் பார்ப்பார்கள்? நியாயமான கவலை என்று ஆணையம் ஒப்புக்கொண்டு, குறைந்தபட்ச ஏறுவோர் உத்தரவாதம் என்று ஒரு ஷரத்தை எழுதிக் கொடுத்தது. மாதத்துக்கு இத்தனை பேர் ஏறுவார்கள். ஏறாமல் விட்ட ஒவ்வொருவர் கணக்கிலும் ஆணையம் நிறுவனத்துக்கு நஷ்ட ஈடு கொடுக்கும். ஆணையத்துக்குச் சொந்தமாகப் பணம் எதுவும் இல்லாததால், அதைக் குடியிருப்புக்காரர்களிடம் வாங்கிக் கொடுக்கும்.

பாலம் திறந்த அன்றே வெள்ளைக் கோடுகளைச் சுரண்டி எடுத்தார்கள். சாலை நடுவில் ஆள் உயரத்துக்குக் கம்பி வேலி வந்தது.

இதில் செலின் சிஸ்டரின் முழங்கால் குறுக்கே வந்தது.

செலின் தூத்துக்குடிக்காரர். டெல்லிக்கு வந்து முடி நரைத்துவிட்டது, பேச்சு மட்டும் நரைக்கவில்லை. எதிர்ப்பக்க ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் சீனியர் நர்ஸ். வார்டில் பிறந்த குழந்தைகளை எல்லாம் ஏதோ தன் சொந்தச் செலவில் பிறந்த மாதிரி பார்ப்பவர். வலது முழங்கால் சில வருஷமாகவே மக்கர். எலும்பு டாக்டர் பரிசோதித்துவிட்டு, சமதரையில் எவ்வளவு வேண்டுமானாலும் நடங்கள், மாடிப்படி மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். வெள்ளைக் கோடு இருந்தவரை அது ஒரு பிரச்சினையாகவே இல்லை. பாலம் வந்த பிறகு வேலைக்குப் போவதற்கு மாடிப்படியைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று.

முதல் வாரம் ஆட்டோ பிடித்துப் பார்த்தார். எங்கே போகணும் மேடம்ஜி என்று ஆட்டோக்காரர் கேட்டார். செலின் எதிரே இருந்த கட்டடத்தைக் காட்டினார். ஆட்டோக்காரர் கட்டடத்தைப் பார்த்தார், செலினைப் பார்த்தார், வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, பக்கத்து ஆட்டோக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் இரண்டு சிக்னல் தாண்டி யூ-டர்ன் அடித்து, நெரிசலில் நின்று, கொண்டுபோய் விட்டார். அதற்குள் வார்டில் ஒரு குழந்தை செலினுக்குக் காத்திராமல் பிறந்துவிட்டது. அது அவருக்கு உண்மையாகவே வலித்தது.

கணவர் கிளமெண்ட் ரயில்வேயில் கார்டாக இருப்பவர், வாரத்தில் பாதி நாள் ஊரிலேயே இருக்க மாட்டார். அவர் சுலபமான வழி சொன்னார். விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு ஊரோடு போய்விடலாம் என்றார்.

"ரோட்ட கடக்க முடியலன்னு வேலைய விடச் சொல்லுதீங்களா?" என்று செலின் கேட்டார். "எனக்கு இன்னும் பிள்ளைய எடுக்கத் தெம்பு இருக்கு. கோட்ட அழிச்சவன் வீட்டுக்குப் போகட்டும், நான் எதுக்குப் போகணும்?"

கிளமெண்ட் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவருக்குத் தன் வண்டியைப் பிடிக்க வேண்டியிருந்தது.

செலின் மாடி வீட்டு ராமச்சந்திரனைக் கூட்டிக்கொண்டு ஆணையத்துக்குப் போனார். ராமச்சந்திரன் ஒரு அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர். அரசாங்கம் எதைச் செய்தாலும் அதில் ஒரு லாஜிக் இருக்கும் என்று நம்புகிற நல்ல மனிதர். அவர் வீட்டுக் குழாயில் மூன்று நாள் தண்ணீர் வராவிட்டால்கூட, அதில் என்ன லாஜிக் என்று யோசித்துக்கொண்டு பக்கெட்டோடு நிற்பார்.

ஆணையத்தின் துணை இயக்குநர் பட்நாகர் சாஹப் அவர்களை உட்கார வைத்து டீ கொடுத்தார். குறையைக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் வாடியது.

"மேடம், நீங்கள் ஏறுவதே இல்லையா?"

செலின் முழங்காலைக் காட்டினார்.

"நீங்கள் ஏறாத ஒவ்வொரு நாளும் இந்த நகரம் நஷ்டப்படுகிறது. நான் உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், இந்தப் பாலம் யாருக்காக? உங்களைப் போல முழங்கால் வலி உள்ளவர்களுக்காக. கீழே வண்டி மோதினால் முழங்கால் இன்னும் கெட்டுப் போகாதா?"

லிஃப்ட் ஒன்று இருக்கிறதே, அதையாவது திறந்துவிடலாமே என்று செலின் கேட்டார். லிஃப்ட் தயாராகத்தான் இருக்கிறது என்று பட்நாகர் பெருமையாகச் சொன்னார். ஆனால் ஆட்களை எண்ணும் கருவி படிக்கட்டில் இருக்கிறது. லிஃப்டில் போகிறவர்களை ஒப்பந்தப்படி ஏறியவர்களாகக் கருத முடியாது, தூக்கப்பட்டவர்களாகத்தான் கருத வேண்டும். லிஃப்டைத் திறந்தால் ஏறுவோர் எண்ணிக்கை குறையும், நஷ்ட ஈடு கூடும். ஆகவே மக்களின் நன்மைக்காக அது மூடியிருக்கிறது.

வெளியே வரும்போது ராமச்சந்திரன், "அவர் சொல்றதுல ஒரு லாஜிக் இருக்கு சிஸ்டர்" என்றார்.

"இருக்கட்டும் சார். எனக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகணும்."

முதல் மாதம் ஏறியவர்கள் குறைவு. ஆகவே அடுத்த மாதம் குடியிருப்பில் எல்லாருக்கும் ஏறாமைக் கட்டணம் என்று ஒரு தொகை வந்தது. ஒழுங்காக ஏறி இறங்கியவர்களுக்கும் வந்தது. நான் தினமும் ஏறுகிறேனே என்று சண்டைக்குப் போன ஒருவரிடம், ஏறாதவர்கள் சார்பிலும் சேர்த்து நீங்கள் ஏறியிருக்க வேண்டும் என்று பதில் சொன்னார்கள்.

கட்டணத்தைக் குறைக்க ஆணையம் தன்னால் ஆனதைச் செய்தது, அதை மறைக்கக் கூடாது. பாலத்தின் அடியில் 'ஏறுங்கள், தேசத்தை ஏற்றுங்கள்' என்று பலகை வைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு 'நான் ஏன் ஏறுகிறேன்' என்று கட்டுரைப் போட்டி வைத்தார்கள். முதல் பரிசு வாங்கியவன் நகரத்தின் இன்னொரு கோடியில், துவாரகாவில் இருக்கிறான், பாலத்தைப் பார்த்ததில்லை. எதுவும் போதாமல் போகவே, ஆணையத்தின் ஊழியர்கள் சிலரை அலுவல் நிமித்தம் பாலத்தில் ஏறும்படி அனுப்பி வைத்தார்கள்.

அவர்கள் காலையில் ஏறினார்கள். சாயங்காலம் வரை இறங்கவில்லை. என்னவென்று விசாரித்தபோது, உத்தரவில் ஏறுவதற்கு மட்டும்தான் அனுமதி இருக்கிறது, இறங்குவதற்குத் தனி உத்தரவு வர வேண்டும் என்று சொன்னார்கள். அந்த உத்தரவு வருவதற்கு ஒரு வாரம் ஆயிற்று. அதுவரை தினமும் வீட்டுக்குச் சொந்தப் பொறுப்பில் இறங்கிப் போய், மறுநாள் காலையில் மேலேயே இருந்ததாகக் கையெழுத்துப் போட்டார்கள். நல்ல வெயில் காலம். பாலத்தில் காற்று வரும். சீட்டாட்டம் நன்றாகவே நடந்தது. அவர்களுடைய ஏறும் அலவன்ஸும் மறு மாதக் கட்டணத்தில் சேர்ந்தது.

ஆட்டோவுக்கே சம்பளத்தில் ஒரு பங்கு போவதைப் பார்த்துவிட்டு, செலின் ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவிடுவது என்று முடிவு செய்தார். கைப்பையைத் தூக்கிக்கொண்டு ராமச்சந்திரனின் மனைவி மாலா துணைக்கு வந்தார்.

ஒரே மூச்சில் ஏறச் செலினால் முடியவில்லை. படிக்கட்டு திரும்புகிற இடத்தில் எல்லாம் நின்றார். சும்மா நிற்பானேன் என்று, பையில் இருந்த ஜெபமாலையை எடுத்து, நிற்கும்போதெல்லாம் ஒரு 'அருள்நிறைந்த மரியே' சொன்னார். வலி தாங்காமல் கண்ணில் நீர் வந்தது. உச்சியில் போய்ச் சேர்ந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மாதாவே" என்று சத்தமாகவே சொன்னார். கைக்குட்டையைக் கம்பியில் கட்டிக் காயவிட்டு மூச்சு வாங்கினார். எடுக்க மறந்துவிட்டுப் போய்விட்டார்.

மாலாவுக்கு மேலே சும்மா நிற்கப் பிடிக்கவில்லை. ராமச்சந்திரனுக்குக் குவாஹாட்டிக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது. மகள் ஷ்ருதி பன்னிரண்டாம் வகுப்பு, பரீட்சை தலைக்கு மேல் நிற்கிறது. செலின் தன் சாமியைக் கும்பிடும் நேரத்தில் மாலாவும் தன் சாமியைக் கும்பிட்டுக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் மாற்றல் ரத்தாகிவிட்டது.

மாலா இதை யாரிடமும் சொல்லவில்லை. பால் பூத்தில் மட்டும் சொன்னார்.

அரசு ஊழியர் குடியிருப்பில் மாற்றல் ரத்து என்பது சாதாரண விஷயமில்லை. அங்கே தீராத வியாதி தீர்ந்தது என்று சொன்னால் எந்த டாக்டர் என்று கேட்பார்கள். மாற்றல் ரத்தானது என்று சொன்னால் எந்தச் சாமி என்று கேட்பார்கள். அன்று சாயங்காலமே பாலத்தடியில் கூட்டம். பஞ்சாபிப் பெண்மணிகள் வந்தார்கள், பீகார்க்கார ஆட்டோ டிரைவர்கள் வந்தார்கள், சனிக்கிழமை சர்ச்சில் தமிழ்ப் பூசைக்குப் போகிற நர்சுகள் வந்தார்கள். திருப்பத்துக்குத் திருப்பம் நிற்க வேண்டும், கண் கலங்க வேண்டும், உச்சியில் ஒரு துணியைக் கட்ட வேண்டும் என்று முறை ஏற்பட்டுவிட்டது. செலினின் கைக்குட்டையைச் சுற்றிச் சிவப்பு நூலும் மஞ்சள் துணியுமாகக் கம்பியே தெரியவில்லை. இஸ்மாயில் என்கிற பழ வியாபாரி படிக்கட்டின் கீழே வண்டியை நிறுத்தி, நூலும் விற்க ஆரம்பித்தார்.

ஆட்டோவுக்குக் கட்டுப்படியாகாமல் அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டிருந்த செலின், இது வேண்டுதல் இல்லை, எனக்கு மூச்சு வாங்குச்சு என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னார். பெரியவர்கள் அப்படித்தான் தன்னடக்கமாகச் சொல்வார்கள் என்று எல்லாரும் புரிந்துகொண்டார்கள். ஜாதகத்தோடு வந்த ஒரு அண்டர் செக்ரட்டரி அவர் காலைத் தொடப் பார்த்தார். வலது காலைத் தொடாதீங்க என்று செலின் கத்தியதையும் ஒரு ஐதீகமாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆணையத்தில் ஒரே குதூகலம். உத்தரவாதத்தைத் தாண்டிப் பல மடங்கு ஏற்றம். பட்நாகர் நிருபர்களைக் கூட்டி, இதைத்தான் நாங்கள் ஆரம்பத்திலிருந்தே திட்டமிட்டோம் என்றார்.

"மக்களுக்கு என்ன வேண்டும் என்று மக்களைக் கேட்டால் வெள்ளைக் கோடு என்பார்கள். அதனால்தான் நாங்கள் கேட்பதில்லை. இப்போது பாருங்கள், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசியமே இல்லாதவர்கள்கூட ஏறுகிறார்கள். ஒரு காரணமும் இல்லாமல் பயன்படுத்தப்படுவதுதான் ஒரு கட்டமைப்பின் உண்மையான வெற்றி."

நிருபர்கள் எழுதிக்கொண்டார்கள்.

இந்தக் குதூகலத்தில் கலந்துகொள்ளாதது ஊர்த்வகதி நிறுவனம் மட்டும்தான். ஒப்பந்தத்தின் கடைசியில் இன்னொரு ஷரத்து இருந்தது. ஏறுவோர் எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்டி மூன்று மாதம் நீடித்தால், பாலம் சொந்தக் காலில் நிற்பதாகக் கருதப்படும். நஷ்ட ஈடும் சலுகைகளும் நின்றுபோகும், நிலத்துக்கும் வாடகை கட்ட வேண்டும். தணிக்கைக்காரர்கள் பார்த்தால் ஆணையம் கண்டிப்பானது என்று தோன்றட்டும் என்று போட்ட ஷரத்து அது. அந்த வரம்பை ஜனங்கள் என்றைக்கும் எட்ட மாட்டார்கள் என்பதில் இரு தரப்புக்கும் முழு நம்பிக்கை இருந்தது.

வரம்பைத் தாண்டிய மூன்றாவது மாதத் தொடக்கத்தில் செலின் வீட்டுக்கு ஒரு இளைஞன் வந்தான். பெயர் ப்ரணவ், ஊர்த்வகதியில் பயன்பாட்டு மேலாளர். குர்கானில் ஆபீஸ், நொய்டாவில் வீடு. தமிழன்தான், ஆனால் தமிழ் அவனுக்குப் பாதி வாக்கியம் வரைதான் துணை வரும். கையில் ஒரு பெரிய இனிப்புப் பெட்டி.

"ஆன்ட்டி, நீங்க ப்ளீஸ் ஏறாதீங்க" என்றான்.

செலினுக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. ஏறு ஏறு என்று கட்டணம் போட்டு, கட்டுரை எழுதவைத்து, ஊரையே ஏற்றியவர்கள். இப்போது இனிப்போடு வந்து ஏறாதே என்கிறார்கள். என்ன தம்பி ஆச்சு என்று கேட்டார். அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பாவம், பயந்திருந்தான். ஏறுவோரைக் குறைப்பதுதான் இந்த மாதம் அவனுக்குக் கொடுத்த இலக்கு. படிக்கட்டில் எண்ணெய் ஊற்றலாமா என்றுகூட ஆபீசில் ஒரு கூட்டம் நடந்ததாம், இன்ஷூரன்ஸ் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

"நீங்க சொன்னா பப்ளிக் கேப்பாங்க ஆன்ட்டி. இந்தப் பாலத்துல பவர் போயிடுச்சு, அப்டி ஏதாவது..."

"பொய் சொல்ல மாட்டேன்" என்றார் செலின். "ஆனா ஒண்ணு செய்யி. கீழ ரோட்டுல பழையபடி வெள்ளக் கோடு போட்டுக் குடு. வேலியில வழி விடு. அப்புறம் நான் எதுக்குய்யா ஏறப் போறேன்? நான் ஏறலன்னா இவ்வோ எல்லாம் எதுக்கு ஏறப் போறாவ?"

ப்ரணவ் இனிப்புப் பெட்டியை மேஜை மேல் வைத்தான். பிறகு ஆபீசுக்கு ஃபோன் செய்ய பால்கனிக்குப் போனான். திரும்பி வந்தபோது அவன் முகம் தெளிந்திருந்தது. அந்த இனிப்பில் ஒன்றை அவனே எடுத்துச் சாப்பிட்டான்.

அந்த வாரமே நிறுவனத்தின் ஆட்கள் சொந்தச் செலவில் பெயின்ட் வாங்கிவந்து கோடு போட்டார்கள். வேலியை அறுத்து வழி விட்டார்கள். ஒரு மேம்பாட்டுத் திட்டத்தில் அந்த நிறுவனம் சொந்தப் பணம் போட்டது அது ஒன்றுதான்.

விஷயம் இவ்வளவோடு முடிந்திருந்தால் ஆணையம் என்று ஒன்று இருப்பதில் அர்த்தமில்லை. ஆணையத்தின் அனுமதி இல்லாமல் ஒரு சாலையைக் கடப்பதற்குக் கோடு போட முடியாது. அழிக்கவும் முடியாது, ஏனென்றால் அழிப்பதற்கான நிதியை முதல் தடவை அழித்தபோதே செலவழித்தாகிவிட்டது. ஆகவே அதை ஒரு திட்டமாக்குவதே சரி என்று பட்நாகர் முடிவு செய்தார். கோடுகளுக்குத் தரைமட்டப் பாலம் என்று பெயர் வைத்தார்கள். நிறுவனத்துக்குப் புதிய சலுகை கொடுத்தார்கள். குறைந்தபட்சக் கடப்போர் உத்தரவாதமும் எழுதிக் கொடுத்தார்கள். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். அதுவரை யாரும் கோட்டின் மேல் கால் வைக்கக் கூடாது என்று இரண்டு பக்கமும் ஆட்களை நிறுத்தினார்கள்.

விழா அன்று காலையில் செலினுக்கு டூட்டி. ஷாமியானா போட்டிருந்தார்கள். கோடுகளின் குறுக்கே சிவப்பு ரிப்பன். விழாவுக்காகச் சாலையை அடைத்திருந்தார்கள், அந்த அடைப்பினால் உண்டான நெரிசலில் தலைமை விருந்தினர் சிக்கிக்கொண்டிருந்தார். பாலத்தின் படிக்கட்டையும் விழாவை முன்னிட்டுப் பூட்டியிருந்தார்கள். பட்நாகர், விருந்தினர் வரும்வரை கூட்டத்தைக் கட்டிப்போடப் பேசிக்கொண்டிருந்தார்.

"உலகத்தில் பாலம் என்றால் மேலே இருக்கும். படி இருக்கும். மூச்சு வாங்கும். அந்தப் பழைய சிந்தனையை நாங்கள் உடைத்திருக்கிறோம். இந்தப் பாலத்தில் ஏற வேண்டாம், இறங்க வேண்டாம். குழந்தைகள், முதியவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள், யார் வேண்டுமானாலும் நடந்தே போகலாம். இப்படி ஒரு எண்ணம் இதுவரை யாருக்குமே தோன்றவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்."

கூட்டம் கைதட்டியது. ராமச்சந்திரன் முதல் வரிசையில் தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார். அதிலும் லாஜிக் இருந்தது.

செலினின் ஃபோன் அடித்தது. வார்டிலிருந்து. புது நர்ஸ் ஜோஸ்லின், குரலில் பதற்றம். சிஸ்டர், குழந்தை கால் பக்கமா திரும்பியிருக்கு, டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல மாட்டிக்கிட்டாங்க, எங்க இருக்கீங்க? எதிரேதான் இருக்கேன் என்றார் செலின். எதிரே என்பது எவ்வளவு தூரம் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரிப்பன் வரை வந்தார். காவலுக்கு நின்றவன் கையை நீட்டித் தடுத்தான். செலின் யூனிஃபார்ம் பையில் கையை விட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார். அது நர்சுகள் எப்போதும் வைத்திருப்பது. எத்தனையோ தொப்புள்கொடியை வெட்டிய கை, ரிப்பனுக்கு யோசிக்கவில்லை.

ரிப்பன் இரண்டாக விழுந்தது. பேண்டு வாத்தியக்காரர்களுக்குச் சொல்லி வைத்தது ஒன்றுதான்: ரிப்பன் விழுந்தால் வாசிக்க வேண்டும். வாசித்தார்கள். செலின் வெள்ளைக் கோடுகளின் மேல், சமதரையில், அவசரமாக, நொண்டாமல் நடந்து எதிர்ப்பக்கம் போனார். ஆஸ்பத்திரி வாசலுக்குள் அவர் மறைவதைப் பார்த்து மாலாவுக்கு அழுகை வந்துவிட்டது. பெண் குழந்தை, நலம் என்று சற்று நேரத்தில் செய்தி வந்தது. தலைமை விருந்தினர் அதற்கும் பிறகுதான் வந்தார்.

சில நாள் கழித்து ஆணையத்திலிருந்து செலினுக்கு ஒரு கடிதம். அதை ராமச்சந்திரன்தான் மாடியிலிருந்து இறங்கி வந்து படித்துச் சொன்னார். திறப்பு விழாவுக்கு முன்பே கடந்ததால் அவருடைய அன்றைய கடப்பு உத்தரவாதக் கணக்கில் செல்லாது. அந்த ஒரு ஆள் குறைவை ஈடுகட்ட அவர் மீண்டும் ஒரு முறை கடக்க வேண்டும்.

"அதுக்கென்ன சார்" என்றார் செலின். "டூட்டி முடிஞ்சு வரும்போது கடந்துதானே வரணும்? அத வச்சுக்கிடச் சொல்லுங்க."

ராமச்சந்திரன் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். அவருக்கே சங்கடமாக இருந்தது.

"இல்ல சிஸ்டர். இது போறதுக்கு மட்டும்தான். திரும்பி வரதுக்குத் தனி உத்தரவு போடுவாளாம்."

அந்த உத்தரவு இன்னும் வரவில்லை. செலின் தினமும் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார்.